சிப்பிகாட் சேற்றோரம் இரண்டு பல்புகள்

டிசம்பரில் சிப்பிகாட்டில் மாலை ஐந்து மணிக்கே வெளிச்சம் வடிந்துவிடும். கடிகாரம் ஓடுவது அலகாபாத் பக்கத்துத் தீர்க்கரேகையின் நேரத்துக்கு. சூரியன் உதிப்பதும் மறைவதும் பர்மாக் கரையின் கணக்குக்கு. சென்னைக்கும் இந்த ஊருக்கும் இடையே பன்னிரண்டரை பாகை வித்தியாசம், அதாவது ஏறத்தாழ ஐம்பது நிமிடம். மயிலாப்பூர் மாடவீதியில் இன்னும் வெயில் சுவரில் நிற்கும்போது இங்கே வீட்டுக்கு வீடு சுவிட்சைத் தட்டியாகிவிடும்.

போர்ட் பிளேரிலிருந்து (2024 செப்டம்பர் முதல் அரசு வைத்த பெயர் ஸ்ரீ விஜயபுரம்) வண்டூர் கடற்கரைக்குப் போகும் வழியில், காரச்சரமாவைத் தாண்டியதும் சிப்பிகாட் வரும். பசிபிக் தீவுகளிலிருந்து கொண்டுவந்த தென்னை ரகங்களை வளர்க்கும் பண்ணை இங்கே இருக்கிறது. ஆனால் சாலையில் போகிறவர் கண்ணில் முதலில் படுவது தண்ணீர். 2004 டிசம்பர் 26 அன்று நிலநடுக்கத்தில் தெற்கு அந்தமான் ஏறத்தாழ ஒரு மீட்டர் தாழ்ந்தது. அலை வந்து போனது ஒரு நாள் கதை. நிலம் இறங்கியதால் உள்ளே வந்த கடல் திரும்பவே இல்லை. நெல் விளைந்த தாழ்நிலத்தில் இன்று ஓதம் ஏறி இறங்குகிறது. அந்தமான் கிளுவை என்னும், உலகில் இந்தத் தீவுக்கூட்டத்தில் மட்டுமே உள்ள வாத்து அங்கே இரை தேடுகிறது. பறவை பார்க்க வருகிறவர்களுக்கு நல்ல இடம். நிலத்தை இழந்தவர்களுக்கு வேறு மாதிரி இடம்.

பல்பைப் பற்றி எழுத வந்தவன் சேற்றைப் பற்றி ஏன் பேசுகிறேன் என்றால், ஒரு பல்பு நல்லதா கெட்டதா என்பதை அது எரியும் இடத்தை வைத்து மட்டும் சொல்ல முடியாது. அணைந்த பிறகு எங்கே போகிறது என்பதையும் பார்க்க வேண்டும். சுருள் பல்பு எனப்படும் சிஎஃப்எல்லையும் எல்இடியையும் அருகருகே வைத்து எழுதிய கட்டுரைகள் ஏராளம். பெரும்பாலும் அவை அமெரிக்காவிலோ ஐரோப்பாவிலோ போட்ட கணக்கைத் தமிழில் திருப்பிச் சொல்கின்றன. அந்தக் கணக்கு அந்தமானுக்குப் பொருந்தாது. முக்கியமான ஓரிடத்தில் அது தலைகீழாகவே ஆகிவிடுகிறது.

முதலில் மின்சாரம். இத்தீவுகளுக்குப் பெருநிலத்திலிருந்து மின்கம்பி கிடையாது. 2020இல் சென்னையிலிருந்து கடலடியில் போட்ட கேபிள் இணையத்துக்கானது. தீவுக்குத் தீவு தனித்தனி மின்நிலையம். பெரும்பாலும் கப்பலில் வரும் டீசல். வட அந்தமானில் கல்பாங் ஆற்றில் 5.25 மெகாவாட் புனல் மின்நிலையம் ஒன்று உண்டு. சிப்பிகாட்டுக்குப் பக்கத்திலேயே காரச்சரமாவில் என்டிபிசியின் 5 மெகாவாட் சூரியமின் நிலையம் இருக்கிறது. 2020இல் என்எல்சி 20 மெகாவாட் நிலையத்தைப் பேட்டரியோடு கட்டியது. நெய்வேலிக்காரர்கள் நிலக்கரியை விட்டுவிட்டு வெயிலில் கரண்ட் எடுக்க இவ்வளவு தூரம் வந்தது தமிழ் வாசகருக்கு ஒரு சுவையான செய்தி. ஆனால் பல்பு போடுவது வெயில் போன பிறகுதானே. விளக்கு எரியும் மணிநேரங்கள் டீசலின் மணிநேரங்கள்.

ஆகவே இங்கே வாட் கணக்கை டீசல் லிட்டராகவே போட்டுப் பார்க்கலாம். நல்ல நிலையிலுள்ள டீசல் என்ஜின் ஒரு லிட்டருக்கு மூன்றரை யூனிட் தரும் என்று வைத்துக்கொள்வோம். தினம் ஐந்து மணி நேரம் எரியும் 60 வாட் குண்டு பல்பு ஆண்டுக்கு 110 யூனிட் எடுக்கும். அதற்கு 31 லிட்டர் டீசல். அதே வெளிச்சம் தரும் 14 வாட் சுருள் பல்புக்கு 7 லிட்டர் சொச்சம். 9 வாட் எல்இடிக்கு 5 லிட்டருக்குச் சற்றுக் குறைவு. கம்பியில் விரயமாவதை நான் சேர்க்கவில்லை.

இந்த மூன்று எண்களையும் நிதானமாகப் பார்க்க வேண்டும். குண்டு பல்பைக் கழற்றிச் சுருள் பல்பு மாட்டியபோதே ஆண்டுக்கு 24 லிட்டர் மிச்சமாகிவிட்டது. சுருளைக் கழற்றி எல்இடி மாட்டினால் கூடுதலாக மிஞ்சுவது இரண்டரை லிட்டர்தான். கரியமில வாயுவாகச் சொன்னால் ஆண்டுக்கு ஏழு கிலோ. எல்இடி விளம்பரங்கள் எப்போதும் குண்டு பல்பைப் பக்கத்தில் நிறுத்திப் பேசுவதன் சூட்சுமம் இதுதான். சுருளை நிறுத்தினால் வித்தியாசம் மெலிந்துவிடும். எனவே மின்சாரத்தை வைத்து மட்டும் இரண்டுக்குமான வழக்கைத் தீர்க்க முடியாது. வேறு இடத்தில்தான் தீர்ப்பு இருக்கிறது.

சுருள் பல்பு என்பது மடக்கிய ட்யூப்லைட். உள்ளே பாதரச ஆவி. மின்சாரம் பாய்ந்ததும் அது புற ஊதாக் கதிரை உமிழும். கண்ணாடியின் உட்புறம் பூசிய வெண்பொடி அதை வெளிச்சமாக மாற்றும். பாதரசம் இல்லாமல் சுருள் பல்பு இல்லை. நல்ல பல்பில் அது 3 முதல் 5 மில்லிகிராம் வரை இருக்கும். பழைய காய்ச்சல்மானி ஒன்றில் அரை கிராமுக்கு மேல் இருந்தது. அதை உடைத்து உள்ளங்கையில் உருட்டி விளையாடிய தலைமுறை நம்முடையது. அந்த ஒரு காய்ச்சல்மானிக்கு நூறு சுருள் பல்பு ஈடு. ‘பல்பு உடைந்தால் உடனே வீட்டைவிட்டு ஓடுங்கள்’ என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் எச்சரிக்கை மிகை. ஜன்னலைத் திறந்து, மின்விசிறியை நிறுத்தி, குழந்தைகளை வெளியே அனுப்பி, பத்து நிமிடம் கழித்துக் கெட்டி அட்டையால் சில்லுகளை வழித்தெடுத்து, ஒட்டும் டேப்பால் தூளை ஒற்றி, மூடியுள்ள கண்ணாடிப் புட்டியில் போட்டால் போதும். விளக்குமாறு கூடாது. பெருக்கினால் தூள் பறக்கும்; துடைப்பத்தின் ஈர்க்குகளில் தங்கிய பாதரசம் அடுத்த அறைக்கும் போகும். நம் வீடுகளில் முதலில் எடுப்பது துடைப்பத்தைத்தானே.

ஒரு பல்பு ஆபத்தில்லை என்றால் கோடி பல்பு? அதுதான் கேள்வி. நம் நாட்டில் அந்த 3, 5 மில்லிகிராமும் உத்தரவாதமாக இருக்கவில்லை. டெல்லியைச் சேர்ந்த டாக்சிக்ஸ் லிங்க் அமைப்பு 2011இல் இந்தியச் சந்தையில் விற்ற சுருள் பல்புகளைச் சோதித்தபோது சராசரியாக ஒரு பல்புக்குச் சுமார் 21 மில்லிகிராம் பாதரசம் கிடைத்தது. அளவிட்ட மாத்திரையாகப் பாதரசத்தை வைப்பதற்குப் பதில் சொட்டாக ஊற்றும் பழைய முறை நம் ஆலைகளில் பரவலாக இருந்ததே காரணம்.

இப்போது அந்தத் தலைகீழ் கணக்குக்கு வருகிறேன். சுருள் பல்புக்கு வக்காலத்து வாங்கியவர்கள் ஒரு கெட்டிக்கார வாதம் வைத்திருந்தார்கள். நிலக்கரியில் இயல்பாகவே பாதரசம் உண்டு. எரிக்கும்போது அது புகைபோக்கி வழியே காற்றில் கலக்கும். குண்டு பல்பு அதிக மின்சாரம் கேட்பதால் அதிக நிலக்கரி எரியும். ஆகவே தன்னுள் பாதரசமே இல்லாத குண்டு பல்புதான் பூமியில் அதிகப் பாதரசம் சேர்க்கிறது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை எண்களும் கொடுத்தது. எட்டாயிரம் மணி நேர வெளிச்சத்துக்குக் குண்டு பல்பு ஆறு மில்லிகிராமுக்குச் சற்றுக் குறைவாகவும், சுருள் பல்பு, உடைந்து கசிவதையும் சேர்த்து, இரண்டுக்குள்ளும் பாதரசம் வெளியாக்கும் என்றது. தூத்துக்குடி, வடசென்னை அனல்மின் நிலையங்களை நம்பியிருக்கும் ஊர்களில் இந்த வாதத்துக்குக் கொஞ்சம் மதிப்பு உண்டு. அதுவும் பல்புக்குள் ஐந்து மில்லிகிராம்தான் இருக்கிறது என்றால்.

சிப்பிகாட்டில் நிலக்கரி இல்லை. டீசலில் பாதரசம் மிக மிகச் சொற்பம். இங்கே குண்டு பல்பு எரிந்தால் டீசல் வீணாகும், காசு வீணாகும், புகை வரும், பாதரசம் வராது. சுருள் பல்பு வந்தபோது கப்பலேறி வந்த பாதரசம் ஒவ்வொரு மில்லிகிராமும் தீவுக்குப் புதிய வரவு. கழித்துக்கொள்ள எதிர்ப்பக்கத்தில் ஒன்றுமே இல்லை. பெருநிலத்தில் சுருள் பல்புக்கு இருந்த சமாதானம் இத்தீவில் ஒருநாளும் இருந்ததில்லை. இதை அப்போது யாரும் உரக்கச் சொல்லவில்லை என்பது என் வருத்தம். நானும்தான் சொல்லவில்லை, மற்றவர்களைப் போல ‘மிச்சம் மிச்சம்’ என்று மாட்டிக்கொண்டேன்.

சேற்றுக்கு இப்போது வரலாம். ஓதம் ஏறி இறங்கும் தாழ்நிலத்தில் கால் வைத்தால் கருஞ்சேற்றிலிருந்து அழுகிய முட்டை வாடை வரும். காற்றுப் புகாத அந்தச் சேற்றில் கடல்நீரின் சல்ஃபேட்டைச் சுவாசித்து வாழும் நுண்ணுயிர்கள் விடும் மூச்சு அது. அதே நுண்ணுயிர்கள்தாம், கையில் கிடைத்தால், சாதாரணப் பாதரசத்தை மெத்தில் பாதரசமாக மாற்றுகின்றன. பாதரச வடிவங்களில் உணவுவழி உடம்பில் ஏறுவதில் கெட்டிக்காரன் இதுதான். புழுவிலிருந்து சிறு மீனுக்கும், சிறு மீனிலிருந்து பெரிய மீனுக்கும் போகப் போகச் செறிவு கூடும். சூரை, சுறா போன்ற வேட்டை மீன்களில் அது உச்சம் தொடும். ஜப்பானின் மினமாட்டா ஊரில் 1956இல் வெளிப்பட்ட நோயின் வழியும் இந்த மீன் வழிதான். அங்கே சிஸ்ஸோ ஆலை கழிவைக் கடலிலேயே விட்டது. பல்புச் சில்லையும் ஆலைக் கழிவையும் நான் ஒரே தட்டில் வைக்கவில்லை. அளவில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். ஆனால் ஒரு குப்பைமேட்டுக்கும் சிப்பிகாட் போன்ற உவர்ச் சதுப்புக்கும் வித்தியாசம் உண்டு. வறண்ட நிலத்தில் விழுந்த பாதரசம் பாதரசமாகவே கிடக்கலாம். இந்தச் சேற்றில் விழுந்தால் அதை மீன் சாப்பிடும் உருவத்துக்கு மாற்றித் தரச் சமையற்காரர்கள் தயாராக இருக்கிறார்கள். தீவுக்காரனுக்கு மீன் தொட்டுக்கொள்ளும் பொருள் மட்டுமா?

நம்மிடமே இதற்கு ஒரு பாடம் இருக்கிறது. கொடைக்கானலில் காய்ச்சல்மானி ஆலை வந்தது 1983இல், நியூயார்க் மாநிலத்து வாட்டர்டவுனிலிருந்து பெயர்த்து எடுத்து வந்த இயந்திரங்களோடு. பிறகு இந்துஸ்தான் யூனிலீவர் கைக்கு வந்த அந்த ஆலையின் கண்ணாடிச் சில்லுகள் பாதரசத்தோடு மூஞ்சிக்கல் பழைய சாமான் கடையில் கிடந்ததை 2001 மார்ச்சில் ஊர்மக்களும் சூழல் ஆர்வலர்களும் வெளிக்கொணர்ந்தார்கள். ஆலை மூடியது. 2003இல் சுமார் 290 டன் பாதரசக் கழிவு கப்பலேறி அமெரிக்காவுக்கே திரும்பியது. 591 முன்னாள் தொழிலாளர்களோடு உடன்பாடு எட்டியது 2016 மார்ச்சில்தான். ஆலை அல்ல, அந்தக் காயலான் கடைதான் என் மனத்தில் நிற்கிறது. உடைந்த கண்ணாடி என்றால் நமக்கு அது பழைய இரும்புக் கடைக்குப் போகும் சரக்கு. அதற்குள் என்ன ஒட்டியிருக்கிறது என்று எடை போடுகிறவர் பார்ப்பதில்லை.

எல்இடிக்குள் பாதரசம் இல்லை. உடைந்தால் பிளாஸ்டிக் உடைந்தது போலத்தான். குறைகடத்திச் சில்லில் நீல ஒளி பிறந்து, மேலே பூசிய மஞ்சள் பொடியில் பட்டு வெண்மையாகிறது. அந்த நீலச் சில்லைக் கண்டுபிடித்த அகசாகி, அமானோ, நகமுரா மூவருக்கும் 2014இல் இயற்பியல் நோபல் கிடைத்தது. மேலே சொன்ன சேற்றுக் கதை முழுவதிலும் எல்இடிக்கு வேடமே இல்லை. வழக்கு இங்கேயே முடிந்தது என்பேன், எல்இடியின் பக்கமாக. ஆனால் வென்றவனுக்கும் சில கேள்விகள் உண்டு.

முதல் கேள்வி ஆயுள். அட்டைப்பெட்டியில் 25,000 மணி நேரம் என்று போட்டிருக்கும். சில்லு அவ்வளவு உழைக்கும். அதற்குக் கீழே ஹோல்டரை ஒட்டி இருக்கும் டிரைவர் உழைக்க வேண்டுமே. அதிலுள்ள சின்ன கெப்பாசிட்டர் சூட்டுக்கும் ஏறி இறங்கும் வோல்டேஜுக்கும் முதலில் பலியாகும். உப்புக்காற்றும் ஆண்டின் பாதிக்கு மேல் மழையும் உள்ள தீவில் சொல்லவே வேண்டாம். என் வீட்டு முன்வாசல் பல்பு மூன்று வருடத்தில் இரண்டு முறை மாறியது. பெட்டியில் போட்ட மணிநேரத்தை நம்பிச் செய்த சூழல் கணக்கெல்லாம் அப்போது ஆட்டம் காண்கிறது. மூடிய கண்ணாடிக் குண்டுக்குள் எல்இடியை அடைத்து மாட்டுவது அதைச் சீக்கிரம் கொல்லும் வழி. காற்றுப் படும்படி மாட்டுங்கள்.

இரண்டாவது, அதன் உடம்பு. அமெரிக்க எரிசக்தித் துறை 2012-13இல் பிறப்பு முதல் இறப்பு வரை இரண்டு பல்புகளையும் எடை போட்டது. ஏறத்தாழ எல்லா அளவுகோலிலும் எல்இடி முன்னே நின்றது. ஒன்றில் மட்டும், அபாயக் கழிவாக நிலத்தில் புதைவதில், சுருளைவிடச் சற்றுப் பின்தங்கியது. சூட்டைத் தணிக்கும் பெரிய அலுமினிய உடம்பு அதற்குக் காரணம். அலுமினியம் காய்ச்சும்போது வரும் கழிவு அதன் கணக்கில் ஏறியது. இன்றைய பல்புகளில் அந்த உலோகம் மெலிந்துவிட்டது. கலிஃபோர்னியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2011 வாக்கில் சிவப்பு எல்இடிகளில் ஈயமும் ஆர்செனிக்கும் கண்டார்கள். அதற்காக மிரள வேண்டாம், குப்பையோடு போடவும் வேண்டாம்.

மூன்றாவதாக ஒன்று, அண்மைக்கால வரவு. கரண்ட் போனாலும் எரியும் ‘இன்வெர்ட்டர் பல்பு’. மின்வெட்டு பழகிய ஊர்களில் அதற்கு நல்ல கிராக்கி. உள்ளே லித்தியம் பேட்டரி இருக்கிறது. சுருள் பல்பின் குறை விஷம் என்றால் இதன் குறை நெருப்பு. குப்பை வண்டியில் நசுங்கினால் பற்றிக்கொள்ளக்கூடியது. எல்இடி பாதுகாப்பானது என்ற பொதுத் தீர்ப்பு இந்தப் பல்புக்குச் செல்லாது. அதை எல்இடி என்று எண்ணாமல் பேட்டரி என்று எண்ணிக் கையாள்வது நல்லது.

நான்காவது கடற்கரை. ராங்கட் பக்கம் கத்பர்ட் பே, திக்லிபூரில் காளிப்பூர் என்று கடலாமை முட்டையிடும் மணல்வெளிகள் இத்தீவுகளில் பல. பொரித்து வெளிவரும் குஞ்சு இரவில் வெளிச்சம் மிகுந்த திசையைக் கடல் என்று நம்பி நடக்கும். கோடி ஆண்டுகளாக அது சரியாகத்தான் இருந்தது. நீலம் கலந்த வெள்ளை எல்இடி கரையோர விடுதி வாசலில் எரிந்தால் குஞ்சு ஊர்ப்பக்கம் நடக்கிறது. சுருள் பல்பும் இதைச் செய்தது. ஆனால் எல்இடி மலிவு, பிரகாசம், எத்தனை வேண்டுமானாலும் மாட்டலாம். மிச்சமான மின்சாரத்தில் இன்னும் நான்கு பல்பு போடும் மனித சுபாவத்துக்கு எந்தப் பொறியாளரும் மாற்றுக் கண்டுபிடிக்கவில்லை. இதற்குத் தீர்வு எளிது: கரையோரம் மஞ்சள் அல்லது ஆரஞ்சு ஒளி, தரையைப் பார்த்த மூடி, தேவைக்கு மேல் ஒன்றும் இல்லை. பெட்டியில் 2700 கே என்றிருந்தால் மஞ்சள் சாயல், 6500 கே என்றால் நீல வெள்ளை. நம்மவருக்கு ‘பளிச்’ என்றால்தான் வெளிச்சம். கடைக்காரர் 6500ஐத்தான் எடுத்து நீட்டுவார்.

இரண்டு பல்புகளும் மக்கள் வீட்டுக்கு வந்த வழியையும் ஒப்பிட வேண்டும். 2009இல் எரிசக்தித் திறன் வாரியம் பச்சத் விளக்குத் திட்டத்தைத் தொடங்கியது. பழைய குண்டு பல்பைக் கொடுத்தால் 15 ரூபாய்க்குச் சுருள் பல்பு. மீதி விலையை, கரியமில வாயுவைக் குறைத்ததற்குக் கிடைக்கும் கார்பன் வரவிலிருந்து உற்பத்தியாளர் எடுத்துக்கொள்வார். கேரளத்தில் கோடிக்கு மேல் பல்புகள் இப்படிக் கை மாறின. இதில் ஒரு முரண் உண்டு. கார்பன் வரவு கேட்க வேண்டுமானால் பழைய குண்டு பல்புகளை எண்ணி, நொறுக்கி, சாட்சியோடு கணக்குக் காட்ட வேண்டும். கண்ணாடியும் தகரமும் தவிர வேறொன்றும் பெரிதாக இல்லாத குண்டு பல்பை அவ்வளவு பத்திரமாகத் திரும்ப வாங்கினார்கள். பாதரசம் உள்ள சுருள் பல்பு ஃபியூஸ் ஆனால் திரும்பப் பெறும் பொறுப்பு காகிதத்தில் இருந்தது. தெருவில் அது குப்பைத்தொட்டிக்குப் போனது. சிஎஃப்எல்லை மின்னணுக் கழிவு விதிகளில் சேர்க்கவே 2016 ஆயிற்று.

எல்இடியின் கதை வேகமானது. 2014இல் புதுச்சேரி வீடுகளில் முன்னோட்டம். 2015 ஜனவரி 5 அன்று நாடு முழுவதற்கும் அறிவிப்பு. பிறகு உஜாலா என்று பெயர். மொத்தமாக ஏலம் விட்டு வாங்கியதில், 2014 தொடக்கத்தில் 310 ரூபாயாக இருந்த கொள்முதல் விலை 2016இல் 38 ரூபாய்க்கு இறங்கியது. நாடு முழுக்க 36 கோடிக்கு மேல் பல்பு கொடுத்தார்கள். சுருள் பல்பைத் தடைச் சட்டம் ஒன்றும் விரட்டவில்லை. இந்த விலைதான் விரட்டியது. தடை பின்னால் வந்தது: மினமாட்டா உடன்படிக்கையின்படி சுருள் பல்பின் உற்பத்திக்கும் ஏற்றுமதி இறக்குமதிக்கும் 2025 கடைசி ஆண்டு, நீள ட்யூப்லைட்டுகளுக்கு அதிகபட்சம் 2027. இந்தியா 2018இல் அதை ஏற்புறுதி செய்திருக்கிறது.

ஆனால் தடை புதிய பல்புகளுக்குத்தான். ஃபியூஸ் ஆன பழையவை அலமாரிக்கு மேலும், பீரோவுக்குப் பின்னாலும், பள்ளிக்கூடத்து ஸ்டோர் ரூமிலும் சாத்தி வைத்தபடி இருக்கின்றன. என் வீட்டிலேயே இரண்டு சுருள், ஒரு நாலடி ட்யூப்லைட். பெருநிலத்தில் இருந்தால் மறுசுழற்சியாளரிடம் லாரியில் போகும். இங்கே கப்பல் ஏற வேண்டும். தனியாள் ஒருவர் மூன்று பல்பைத் தூக்கிக்கொண்டு ஹாடோ துறைக்குப் போக முடியாது. ஊராட்சி, பள்ளிக்கூடம், பல்பு விற்கும் கடை ஏதாவது ஒன்றில் ஒரு மரப்பெட்டி வைத்து, நிறைந்ததும் திரும்பும் சரக்குக் கப்பலில் ஏற்றினால் நடக்கும். சென்னையிலிருந்து வரும் கப்பல்களுக்கு, வரும்போது இருக்கும் அளவு சரக்கு திரும்பும்போது இருப்பதில்லை.

அதுவரை, சிப்பிகாட் அன்பர்களே, பழைய சுருள் பல்பையும் ட்யூப்லைட்டையும் உடைக்காதீர்கள், ஈரக்குப்பையோடு போடாதீர்கள், முக்கியமாக அந்தத் தண்ணீர்ப் பக்கம் எறியாதீர்கள். செய்தித்தாளில் சுற்றி, அட்டைப்பெட்டியில் வைத்து, குழந்தைகள் கைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். என் வீட்டு மூன்றும் அப்படித்தான் இருக்கின்றன, மரப்பெட்டிக்காகக் காத்துக்கொண்டு.